ரூபாய் எடை, ஆழாக்கு, த.ப.: பாட்டியின் சமையல் புத்தகத்தோடு ஞாயிற்றுக்கிழமைகள்

கல்சட்டி (தொடக்கப் பதிவு)

அனைவருக்கும் வணக்கம். பாட்டி காலமாகி ஒன்றரை ஆண்டு ஆகிறது. கும்பகோணத்து வீட்டைக் காலிசெய்தபோது வெண்கலப் பானையும் உருளியும் அத்தைகள் வீட்டுக்குப் போயின. நான் கேட்டு வாங்கிக்கொண்டவை இரண்டு: ஒரு பித்தளை ஆழாக்கு (அரிசி, பருப்பு அளக்கும் சின்னப் பாத்திரம்), அட்டை கழன்ற 'சமைத்துப் பார்' முதல் பாகம். எஸ். மீனாட்சி அம்மாள் 1951-ல் வெளியிட்ட அந்தப் புத்தகத்தை இங்கே யாருக்கும் அறிமுகப்படுத்தத் தேவையில்லை. பக்கத்தில் நின்று சொல்லித்தர ஆளில்லாத எத்தனையோ பெண்கள் அதை அடுப்பு மேடையில் விரித்துவைத்துக்கொண்டு குடும்பம் நடத்தியிருக்கிறார்கள். என் பாட்டியும் அப்படித்தான். அதனால் என் பிரதியில் அச்சிட்ட எழுத்தோடு பாட்டியின் கையெழுத்தும் இருக்கிறது. பல பக்கங்களில் பென்சிலில் ஓரக் குறிப்பு.

மூன்று மாதமாக ஞாயிறுதோறும் அதிலிருந்து ஒரு பக்குவம் செய்துபார்க்கிறேன். ஒரே ஒரு விதி வைத்துக்கொண்டேன். முதல் முறை எழுதியிருக்கிறபடியே செய்ய வேண்டும். கறிவேப்பிலைகூட ஓர் இணுக்கு கூடக்கூடாது. என் விருப்பமெல்லாம் இரண்டாம் முறைதான். மோர்க்குழம்பும் பருப்புருண்டைக் குழம்பும் முதல் முறையே நன்றாக வந்தன. ரசவாங்கி செய்த அன்று என் கணவர் மூன்றாம் முறை சாதம் போட்டுக்கொண்டார். பொரித்த கூட்டு சுமார்தான்.

சிக்கல் ரசப்பொடியில் வந்தது. அது புத்தகத்தில் உள்ளது அல்ல, கடைசிப் பக்கத்து வெற்றிடத்தில் பாட்டி தானே எழுதிவைத்தது: "தனியா 5 பலம், மிளகாய் 2 பலம், துவரம்பருப்பு 2 பலம், மிளகு 4 ரூ. எடை, சீரகம் 2 ரூ. எடை." பலம் என்றால் 35 கிராம் என்று தேடிப் பிடித்துவிட்டேன். ரூபாய் எடைக்குத் தராசில் ஒரு ரூபாய் நாணயத்தையே வைத்தேன். நான்கு கிராமுக்குக் கொஞ்சம் குறைவாகக் காட்டியது. அந்தக் கணக்கில் மிளகு 15 கிராம், சீரகம் 8 கிராம் போட்டு வறுத்து அரைத்தேன். ரசம் வைத்தால் மிளகாய்க் காரம் நாக்கு நுனியில் சுள்ளென்று ஏறியதே தவிர, தொண்டையில் இறங்கும் மிளகின் சூடு இல்லவே இல்லை. பாட்டி ரசத்தைக் குடித்தால் காதுமடல் சூடாகும். எங்கே தவறினேன்?

இன்னும் இரண்டு கேள்விகள். ஆழாக்கு என்றால் எத்தனை மில்லி? ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொல்கிறார்கள். அடுத்து, புத்தகத்துக்குள் மடித்துச் செருகியிருந்த ஒரு தாளில் அதிரசத்துக்குக் குறிப்பு இருக்கிறது. அதில் "பாகு த.ப." என்று மட்டும் போட்டிருக்கிறார். த.ப. என்றால் என்ன?

தணல்

மிளகு குறைந்தால் இன்னும் கொஞ்சம் மிளகு போடுங்கள், தீர்ந்தது. இதற்குத் தராசு எதற்கு அக்கா? நான் பெங்களூரில் மூன்று நண்பர்களோடு அறையெடுத்துத் தங்கியிருக்கிறேன். மல்லிகா பத்ரிநாத்தின் மெல்லிய புத்தகங்கள் இரண்டை வைத்துச் சமையல் கற்றேன். கப், தேக்கரண்டி என்று அவர் தெளிவாகத்தான் சொல்கிறார். ஆனால் நான்கு முறை செய்த பிறகு புத்தகத்தை மூடிவிட்டேன். கை பழகிவிட்டால் கண்ணே அளவு. உங்கள் பாட்டியும் கண்ணால்தான் அளந்திருப்பார்.

அரிசிமண்டி

அம்மா, நீங்கள் வைத்தது இன்றைய நாணயம். தவறு அங்கேதான். ரூபாய் எடை என்பது பழைய ரூபாயின் எடை, அதாவது ஒரு தோலா: 11.66 கிராம். வெள்ளி ரூபாய் அந்த எடை. 1950-ல் வந்த நிக்கல் ரூபாயும் அதே எடை. அதனால்தான் வீட்டுப் பெண்கள் தராசில் எடைக்கல்லுக்குப் பதிலாக ரூபாயைப் போட்டு மிளகு, பெருங்காயம், குங்குமப்பூ நிறுத்தார்கள். இப்போது புழங்கும் ஒரு ரூபாயில் 2011-ல் வந்தது 3.79 கிராம், 2019-ல் வந்தது 3.09 கிராம். ஆகவே உங்கள் மிளகும் சீரகமும் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டன. மிளகு 46 அல்லது 47 கிராம், சீரகம் 23 கிராம் போட்டுப் பாருங்கள்.

மற்ற எடைகளும் கேட்டுக்கொள்ளுங்கள். மூன்று தோலா ஒரு பலம். எட்டுப் பலம் ஒரு சேர். ஐந்து சேர் ஒரு வீசை, அதாவது 40 பலம், இன்றைய 1.4 கிலோ. எட்டு வீசை ஒரு மணங்கு. என் தகப்பனாருக்குத் தஞ்சாவூர்ப் பக்கம் அரிசி மண்டி இருந்தது. மெட்ரிக் அளவைக்குச் சட்டம் 1956-ல் வந்தது. 1957 ஏப்ரலில் நயா பைசா. 1958 அக்டோபரிலிருந்து படிப்படியாகக் கிலோ. நான் அப்போது சிறு பையன். கடையில் இரும்புக் கிலோக்கற்கள் வந்து இறங்கிய பிறகும் வாடிக்கைக்காரர்கள் "ஒரு வீசை கொடு" என்றுதான் கேட்பார்கள். தகப்பனார் வாயால் வீசை என்று சொல்லிக்கொண்டே கையால் ஒரு கிலோ, இருநூறு, இருநூறு என்று கற்களை அடுக்குவார்.

ஆழாக்கு விஷயம் நீளமானது. அதற்கு முன் ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் பித்தளை ஆழாக்கைத் தராசில் வைத்துத் தண்ணீர் நிரப்பி நிறுத்துப் பார்த்துச் சொல்லுங்கள். வயிற்றிலோ அடியிலோ முத்திரை ஏதாவது தெரிகிறதா என்றும் பாருங்கள்.

கல்சட்டி

ஐயா, மிக்க நன்றி. 11.66! இன்று காலை மறுபடி வறுத்தேன். இந்த முறை மிளகைத் தனியாக, வாணலியில் ஒன்றிரண்டு வெடிக்கும் வரைக்கும். மிக்ஸி மூடியைத் திறந்ததும் தும்மல் வந்தது. ரசம் கொதித்து நுரை கட்டியவுடன் இறக்கி, ஒரு டம்ளரில் ஊற்றி அப்படியே குடித்தேன். காது சூடானது. சமையலறையில் தனியாக நின்று அழுதேன்.

தணல் தம்பி, பாட்டி கண்ணால் அளந்தார் என்றுதான் எங்கள் வீட்டிலும் சொல்வார்கள். அந்தக் கடைசிப் பக்கத்தை உங்களுக்குக் காட்ட வேண்டும். மிளகு "4" என்பதன் கீழே அடித்த எண்கள் மூன்று இருக்கின்றன: 2, 3, 3½. ஒவ்வொன்றையும் ஒவ்வொரு பென்சிலால் எழுதி, ஒவ்வொரு முறையும் அடித்திருக்கிறார். நான்கு முறை பொடி அரைத்து, நான்கு முறை ரசம் வைத்து, நான்கு முறை குறித்துவைத்த பிறகுதான் இந்த எண்ணுக்கு வந்திருக்கிறார். நான் பார்க்கும்போது அவர் அள்ளிப் போட்டது உண்மைதான். அது நாற்பது வருடம் கழித்து. இன்னும் கொஞ்சம் மிளகு போட்டிருந்தால் எனக்கும் ஒரு நல்ல ரசம் கிடைத்திருக்கும். பாட்டி ரசம் கிடைத்திருக்காது.

ஆழாக்கை நாளை நிறுத்துச் சொல்கிறேன். புளி போட்டுத் துலக்க வேண்டும், கறுத்துக் கிடக்கிறது.

நெல்லை மருமகள்

கல்சட்டி, புளி என்றதும் ஞாபகம் வந்தது. "எலுமிச்சை அளவு புளி" என்று எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறதே, அதை எப்படிச் சமாளிக்கிறீர்கள்? போன மாதம் எனக்கே ஒரு சந்தேகம் வந்து, வீட்டில் மூன்று பேரிடம் "எலுமிச்சை அளவு புளி எடுங்கள்" என்று சொல்லி நிறுத்துப் பார்த்தேன். என் மாமியார் எடுத்தது 24 கிராம். நான் எடுத்தது 33. என் மகள் எடுத்தது 48, அவள் பார்த்த எலுமிச்சை சூப்பர் மார்க்கெட் எலுமிச்சை. மாமியார் மனத்தில் இருப்பது வீட்டுக் கொல்லையில் காய்த்த சின்ன நாட்டு எலுமிச்சை. அவர் விரலால் அழுத்தி உருட்டி, நாரும் கொட்டையும் இல்லாமல் எடுத்தார். மகள் பொசபொசவென்று பிய்த்து எடுத்தாள்.

அதோடு புதுப் புளியா பழம்புளியா என்பதையும் பார்க்க வேண்டும். மாசி, பங்குனியில் வரும் புதுப் புளி சிவந்திருக்கும், புளிப்போடு ஓர் இனிப்பும் இருக்கும். உப்புச் சேர்த்துப் பானையில் அடைத்து ஒரு வருடம் போனால் கறுத்து, புளிப்பு ஏறிவிடும். வற்றல் குழம்புக்குப் பழம்புளி, ரசத்துக்குப் புதுப் புளி என்பது எங்கள் வீட்டு வழக்கம். புத்தகம் எழுதிய காலத்தில் எல்லார் வீட்டுப் பானையிலும் பழம்புளி இருந்தது, அதனால் தனியாக எழுத வேண்டியிருக்கவில்லை. இன்று பாக்கெட்டில் வருவது எந்த வருடத்துப் புளி என்று யாருக்குத் தெரியும்?

பனங்கூடல்

வணக்கம் அக்காமார். நான் யாழ்ப்பாணம். எங்களிடம் ஆழாக்கு இல்லை, சுண்டு. நான்கு சுண்டு ஒரு கொத்து. அம்மாவின் கொப்பியில் எல்லாமே சுண்டுக் கணக்குத்தான். வெறும் பால் பேணியையே சுண்டாக வைத்து அளந்த வீடுகளும் உண்டு. இடம்பெயர்ந்து ஓடிய காலத்தில் அம்மா எடுத்துக்கொண்டு வந்தவற்றில் அந்தக் கொப்பியும் ஒன்று. பயற்றம் பணியாரம் அதைப் பார்த்துத்தான் செய்கிறேன். பயறு வறுக்கும் பக்குவத்துக்கு அம்மா எழுதியிருப்பது "வாசம் முன்வீட்டுக்குப் போகும்வரை" என்று. இதற்கு எந்தத் தராசும் உதவாது. ஆனால் முதல் தடவையே சரியாக வந்தது.

தணல்

சரி அக்கா, அந்த அடித்த எண்கள் விஷயம் மனத்தில் நிற்கிறது. நான் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். ஒரு கேள்வி: பெருங்காயம் "சுண்டைக்காய் அளவு" என்று ஒரு பழைய புத்தகத்தில் பார்த்தேன். என்னிடம் தூள்தான் இருக்கிறது. எத்தனை சிட்டிகை?

அரிசிமண்டி

தம்பி, அது கட்டிக்குச் சொன்ன அளவு. பெருங்காயம் ஈரான், ஆப்கானிஸ்தான் பக்கமிருந்து வரும் ஒரு செடியின் பால். அது தனியாக வந்தால் வீட்டில் வைத்திருக்க முடியாது, அவ்வளவு நெடி. அதனால் வேலம்பிசினும் கோதுமை மாவோ அரிசி மாவோ சேர்த்துத்தான் விற்கிறார்கள். டப்பாவைத் திருப்பிப் பாருங்கள், கூட்டுப் பெருங்காயம் என்று அச்சிட்டிருக்கும். ஒவ்வொரு தயாரிப்பிலும் கலவை வேறு, ஆகவே சிட்டிகைக் கணக்கு எல்லாருக்கும் பொதுவாகச் சொல்ல முடியாது. ஒரே டப்பாவை இரண்டு மாதம் வைத்துப் பழகுங்கள். முடிந்தால் கட்டியாக வாங்கி, சுண்டைக்காயளவு கிள்ளி, எண்ணெயில் பொரியவிட்டுப் போடுங்கள். பொரிந்து உப்பினால்தான் வாசம்.

மிளகாய்க்கும் இதே பேச்சுத்தான். இரண்டு பலம் மிளகாய் என்றால் எந்த மிளகாய்? ராமநாதபுரம் குண்டு மிளகாயா, குண்டூர் நீட்டு மிளகாயா? ராமநாதபுரத்துக் குண்டு மிளகாய்க்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதில் காரம் குறைந்தும் மணம் கூடியும் இருக்கும். கும்பகோணத்துப் பாட்டி எதை வாங்கினார் என்று உங்கள் அப்பாவைக் கேட்டுப் பாருங்கள் அம்மா.

கல்சட்டி

அப்பாவுக்குத் தெரிகிறது! உருண்டை மிளகாய்தானாம், வெயிலில் காய வைத்திருக்கும்போது எடுத்துக் காதருகே ஆட்டினால் விதை குலுங்குமாம். அடுத்த பொடிக்கு அதையே வாங்குகிறேன்.

இப்போது ஒரு துக்கமான செய்தி. த.ப. என்பதைத் "தளர்ந்த பதம்" என்று நானே முடிவுகட்டி, நேற்று அதிரசம் செய்துவிட்டேன். உங்கள் பதிலுக்குக் காத்திருந்திருக்க வேண்டும். தாளில் இருப்பது இவ்வளவுதான்: "ப. அரிசி 2 ஆ., வெல்லம் 8 பலம், பாகு த.ப., மாவு 2 நாள், பிறகு தட்டு." பாகு கையில் ஒட்டும் அளவுக்கு வந்ததும் இறக்கி மாவைக் கொட்டினேன். மாவு இட்லி மாவு போல இருந்தது. இரண்டு நாளில் இறுகும் என்று நினைத்தேன், கொஞ்சம் இறுகவும் செய்தது. வாழையிலையில் தட்டி எண்ணெயில் நழுவவிட்டேன். முதல் நொடி அழகாக மேலே வந்தது. உடனே விளிம்பு நுரைத்து, மணல் கரை சரிவது போல ஓரம் ஓரமாகக் கரைந்து, என் கண் முன்னால் ஓர் அதிரசம் முழுவதும் காணாமல் போனது. எண்ணெய் முழுக்கப் பழுப்புத் துகள். இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதைப் போடவில்லை. மாவு மீதம் ஃபிரிட்ஜில் இருக்கிறது.

சிவகங்கைச் சீமை

ஐயோ, தாயி, தளர்ந்த பதம் இல்லை. தக்காளிப் பதம்!

எங்கள் பக்கம் தீபாவளி என்றால் அதிரசம்தான், முதல் மாவு கிளறுவது என் வேலை. நிதானமாகச் சொல்கிறேன். பச்சரிசியை இரண்டு மணி நேரம் ஊறவைத்து வடித்து, வேட்டித் துணியில் நிழலில் பரப்புங்கள். வெயிலில் வேண்டாம். அரிசியைக் கையில் அள்ளிப் பிடித்துத் திறந்தால் நாலைந்து மணி உள்ளங்கையில் ஒட்டியிருக்க வேண்டும், அந்த ஈரத்தில் அரைக்க வேண்டும். அரைத்த மாவைப் பிடித்தால் பிடிக்கு நிற்க வேண்டும். சலித்து, காய்ந்துபோகாமல் அழுத்தி மூடிவையுங்கள். கடையில் வாங்கிய காய்ந்த மாவில் அதிரசம் வரவே வராது, அது எத்தனை பாகு கொடுத்தாலும் குடித்துக்கொண்டே இருக்கும்.

வெல்லத்தைத் தட்டி, மூழ்காத அளவு தண்ணீர் விட்டுக் கரைந்ததும் வடிகட்டுங்கள். மண் இல்லாத வெல்லம் கிடையாது. மறுபடி அடுப்பில் வையுங்கள். கரண்டியிலிருந்து விழுவது முதலில் தண்ணீராகவும், பிறகு கம்பியாகவும் வரும். கம்பியில் இறக்கினால் நீங்கள் பட்ட பாடுதான். ஒரு கிண்ணத்தில் குளிர்ந்த தண்ணீர் வைத்துக்கொண்டு ஒரு சொட்டுப் பாகை விடுங்கள். விரலால் கூட்டினால் திரண்டு வர வேண்டும். அதைத் தண்ணீரிலிருந்து எடுத்துத் தட்டில் வைத்தால், பழுத்த தக்காளி உட்காருவது போலக் கொஞ்சம் அமர்ந்து வட்டமாக நிற்க வேண்டும். ஓடினால் இன்னும் வேண்டும். தட்டில் போட்டதும் டணங் என்று சத்தம் கேட்டால் முற்றிவிட்டது, அதிரசம் பல்லை உடைக்கும். இடையிலே இருக்கிற நேரம் அரை நிமிடம், சிறு தீயில் ஒரு நிமிடம். பக்கத்தில் பிள்ளைகள் கூப்பிட்டாலும் திரும்பக்கூடாது.

இறக்கி, ஏலக்காய் தட்டிப் போட்டு, மாவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவிக் கிளறுங்கள். இளக்கமாகத்தான் இருக்கும், பயப்பட வேண்டாம். மேலே நெய் தடவி, ஜாடியில் போட்டு, துணியால் வாய் கட்டி இரண்டு நாள். உங்கள் பாட்டி எழுதிய "மாவு 2 நாள்" அதுதான். ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள்.

இப்போது இருக்கிற மாவையும் கொட்டிவிடாதீர்கள். வெளியே எடுத்துவைத்து, ஈரப் பச்சரிசி மாவு இரண்டு கைப்பிடி சேர்த்துப் பிசைந்து, இரண்டு மணி நேரம் விட்டு ஒன்று போட்டுப் பாருங்கள். முதல் தரமாக வராது, ஆனால் பிரியாது.

நெல்லை மருமகள்

தீயையும் சொல்ல வேண்டும் அக்கா. அதிரசத்துக்கு எண்ணெய் நன்றாகக் காய்ந்து, பிறகு தணிந்த தீ. 1950-களில் விறகடுப்பு, குமுட்டி அடுப்பு, பம்பு ஸ்டவ். குமுட்டியில் கரி கனன்றுகொண்டிருக்கும்போது வாணலியின் அடி முழுவதும் ஒரே சூடு. நம் கேஸ் அடுப்பில் வட்டமாக ஒரு வளையம் மட்டும்தான் சூடு. பழைய புத்தகத்தில் "நிதானமான தீயில் கால் மணி" என்று பார்த்தால் நான் கனமான இரும்பு வாணலியை எடுத்துக்கொள்கிறேன், நேரத்தை நம்புவதில்லை, நிறத்தைப் பார்க்கிறேன்.

கல்சட்டி

சீமை அக்கா, தாளையும் உங்கள் பதிவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்தேன். நீங்கள் எழுதியது இல்லாவிட்டால் அந்த ஒற்றை வரித் தாள் எனக்குக் கடைசி வரைக்கும் பூட்டாகவே இருந்திருக்கும். பாட்டிக்கு இரண்டு எழுத்துப் போதுமானதாக இருந்தது.

சொட்டு விட்டேன், ஓடியது. இன்னொன்று, ஓடியது. நான்காவது சொட்டு திரண்டது. தட்டில் வைத்தேன், கன்னம் மாதிரி கொஞ்சம் சரிந்து நின்றுவிட்டது. அடுப்பை அணைத்துவிட்டுத்தான் மூச்சுவிட்டேன்.

இன்று சுட்டேன். முதலாவது உப்பி எழுந்து, நடுவில் வலை வலையாகக் கண் திறந்தது. ஒரே முறை திருப்பி, இரண்டு தட்டைக் கரண்டிகளுக்கு நடுவில் வைத்து அழுத்தி எண்ணெயை வடித்தேன். விளிம்பு முறுகலாகவும் உள்ளே மெத்தென்றும் இருந்தது. மொத்தம் பதினெட்டு. பழைய மாவும் நீங்கள் சொன்ன வைத்தியத்தில் பிழைத்துக்கொண்டது, கொஞ்சம் தட்டையாக ஏழு.

அரிசிமண்டி ஐயா, ஆழாக்கைத் துலக்கி நிறுத்துவிட்டேன். தலைதட்டத் தண்ணீர் 169 கிராம். முத்திரை இல்லை. அடியில் புள்ளிப் புள்ளியாகப் பெயர் வெட்டியிருக்கிறது: "க.கு. பா.மீ." பாட்டியின் பெயர் அது இல்லை.

அரிசிமண்டி

169 என்றால் அது பட்டணத்து ஆழாக்கு, அதாவது சென்னை ஆழாக்கு அல்ல. எட்டு ஆழாக்கு ஒரு படி என்பது எங்கும் ஒன்று. படிதான் ஊருக்கு ஊர் வேறு. பட்டணம் படி பெரியது, அதன் ஆழாக்கு இன்றைய 200 மில்லியை ஒட்டி வரும். சிறிய படியின் ஆழாக்கு 168 மில்லி. பற்றாக்குறைக்கு, தலைதட்டி அளப்பதா, கோபுரம் குவித்து அளப்பதா என்பது வேறு. எங்கள் மண்டியில் இதற்காக நடந்த சண்டைகள் கொஞ்சமல்ல.

ஒன்று சொல்லுங்கள். புத்தகத்தில் பருப்பு, அரிசி ஆழாக்கிலும், புளி, உப்பு போன்றவை எடையிலும் வருகிற இடங்களில் உங்கள் பாட்டி என்ன குறித்திருக்கிறார்?

கல்சட்டி

ஐயா, இதைக் கேட்பீர்கள் என்று நான் நினைக்கவே இல்லை. ஒரு மணி நேரமாகப் பக்கம் பக்கமாகப் பார்த்தேன். நான் இதுவரைக்கும் பாட்டிக்குக் காரமும் உப்பும் குறைவாக வேண்டும், அதனால் குறைத்திருக்கிறார் என்றே நினைத்திருந்தேன். ஆழாக்குக் கணக்கு வரும் பக்கங்களில் மட்டும்தான் குறைத்திருக்கிறார். முழுக்க எடையில் உள்ள பக்கங்களில் கைவைக்கவில்லை. குறைத்ததும் ஏறத்தாழ ஒரே விகிதம், ஆறில் ஒரு பங்கு.

அரிசிமண்டி

200-க்கு 168 என்பதும் ஆறில் ஒரு பங்கு குறைவுதான் அம்மா. சென்னையில் வெளியான புத்தகம், பட்டணத்து ஆழாக்கை நினைத்து எழுதியது. உங்கள் பாட்டியின் கையில் இருந்ததோ சின்ன ஆழாக்கு. பருப்பு குறையும்போது புளியும் உப்பும் தூக்கலாகத் தெரிந்திருக்கும். ஒவ்வொரு பக்குவமாகச் செய்து, நாக்கால் அறிந்து சரிசெய்திருக்கிறார். கணக்குப் போட்டிருக்கத் தேவையே இல்லை.

நெல்லை மருமகள்

எங்கள் வீட்டு ஆழாக்கும் 168-தான். திருநெல்வேலிப் பக்கத்து ஆழாக்கு. கல்சட்டி, "க.கு." என்பது ஊர்ப் பெயர்தானே? கல்லிடைக்குறிச்சி?

கல்சட்டி

இப்போதுதான் அப்பாவிடம் பேசினேன். பாட்டி பிறந்த ஊர் கல்லிடைக்குறிச்சி. எனக்கு இத்தனை வயதாகியும் தெரியாது. அவரைக் கும்பகோணத்துக்காரர் என்றே எண்ணியிருந்தேன். "மீ." என்பது பாட்டியின் அம்மா, மீனாட்சி. கல்யாணமாகி ரயிலேறியபோது அந்த அம்மா தன் அடுக்களையிலிருந்து எடுத்துக் கொடுத்தனுப்பிய ஆழாக்கு இது. புத்தகம் அதற்குப் பிறகு தாத்தா வாங்கிக்கொடுத்தது.

வரும் ஞாயிறு பருப்புருண்டைக் குழம்பை மறுபடி செய்யப்போகிறேன், இரண்டு கல்சட்டியில். ஒன்றில் அச்சில் உள்ளபடி, 200 மில்லிக் கோப்பையால் அளந்து. மற்றதில் பாட்டியின் ஆழாக்கால் அளந்து, பென்சில் குறிப்பின்படி. இரண்டு அத்தைகளும் வருகிறார்கள். எந்தச் சட்டி எது என்று முன்கூட்டிச் சொல்லப்போவதில்லை. இரண்டும் ஒரே ருசியாக இருக்கின்றன என்று அவர்கள் சொன்னால், ஐயா, முதலில் உங்களுக்குத்தான் எழுதுவேன்.

சிவகங்கைச் சீமை

ஞாயிறு இரவு எத்தனை மணியானாலும் விழித்திருப்பேன். மீதி அதிரசத்தை டப்பாவில் அடைக்கும்போது நன்றாக ஆறவிட்டு அடையுங்கள்.